போர்டு வாசல்ல இருக்கு, மேப்ல இருக்கா?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு அண்ணன் இருபது வருஷமா தையல் கடை வெச்சிருக்கார். போன்ல "பக்கத்துல டெய்லர்"னு தேடினா ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கடைதான் வருது. போன மாசம் யாரோ போன் பண்ணி, "கடையை மேப்ல சேர்க்க ரூ.5,000 கட்டுங்க"ன்னு கேட்டிருக்காங்க. அண்ணனும் கட்டிட்டார். பணம் போச்சு, கடை இன்னும் வரலை.

சொந்தங்களே, கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. காசு கேட்டா போனை வைங்க, ஓடிபி சொல்லாதீங்க. பேர், நம்பர், திறக்கிற நேரம் எல்லாம் நீங்களே போடலாம். கடை உங்களுடையதுதானா என்று உறுதிப்படுத்த, தெரு, போர்டு, உள்பக்கம் தெரியும்படி வீடியோ கேட்பாங்க. அதுவும் உங்க போன்லயே எடுக்கலாம். இணையத்துல சுட்ட போட்டோ வேண்டாம், நீங்க தைச்ச ஜாக்கெட்டையே போடுங்க.

பெரிய ஜவுளிக்கடைக்கு விளம்பரம் பண்ண தனி ஆளே இருக்கு. நம்ம அண்ணனுக்கு இருக்கிறது அந்த போன் மட்டும்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பும் இலவசம். ஆனா தினமும் குரூப்ல தள்ளாதீங்க, மியூட் பண்ணிடுவாங்க (நாங்களே பண்ணுவோம்!).

உதவி வேணும்னா கமெண்ட்ல ஊர் பேரைப் போடுங்க. ஐடி விங் தம்பிங்க கடைக்கே வருவாங்க. ஒரு டீ போதும்.