பட்டனை நீங்களே அழுத்திப் பார்த்தால் போதாது!



கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்து பார்த்திருக்கிறீர்களா? பந்து உருளும், பூனை குதிக்கும். அதில் ஒரு பட்டனை வைத்துவிட்டால் விஷயமே வேறு! அழுத்தினால்தான் பந்து உருளும். சும்மா படம் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது விளையாட ஆரம்பித்துவிடுவார்.

லேபில் பட்டன் செய்யச் சொன்னால் எல்லோரும் அழகைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு பச்சையாக மாறுகிறதா, 'டிங்' என்று சத்தம் வருகிறதா என்று. நான் என்ன சொல்கிறேன் என்றால், அழகுக்குப் பாதி மார்க் போதும். மீதிப் பாதியை, அந்தப் பட்டனை இதுவரை பார்க்காத ஒருவர் அழுத்திய பிறகே போடவேண்டும்.

ஏன் இப்படிப் பிடிவாதம் என்கிறீர்களா? நான் பட்ட பாடு அப்படி!

2004-ல் நான் பிளஸ் டூ படித்தபோது, பள்ளிக் கண்காட்சிக்காக ஃபிளாஷ் மென்பொருளில் ஒரு வினாடி வினா செய்தேன். 'எது முட்டையிடும்?' என்பது முதல் கேள்வி. கீழே 'ஆமை', 'வௌவால்' என்று இரண்டு பட்டன்கள். வீட்டில் நூறு தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

கண்காட்சியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். கேள்வியைப் படித்ததுமே, "ஆமை!" என்று கத்திவிட்டாள். மவுஸைப் பிடித்து அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். மூன்றாம் முறையும் அப்படியே. "எனக்குக் கம்ப்யூட்டர் வராதுண்ணா" என்று முகம் வாடிப் போய்விட்டாள். பதில் சரி, அவள் அழுத்தியதும் சரி. தப்பு செய்தது நான்!

என்ன தப்பு? ஃபிளாஷில் ஒரு பட்டனுக்கு நான்கு ஃபிரேம்கள் உண்டு. மவுஸ் அருகில் வராதபோது தெரிவது 'அப்'. மேலே வந்ததும் தெரிவது 'ஓவர்'. அழுத்தும்போது தெரிவது 'டவுன்'. நான்காவது 'ஹிட்'. இது மட்டும் கண்ணுக்கே தெரியாது. எந்த இடத்தில் அழுத்தினால் பட்டன் கேட்கும் என்று சொல்வதுதான் இதன் வேலை. கண்ணுக்குத் தெரியாததற்கு எதற்கு மெனக்கெடுவது என்று நான் அதைக் காலியாக விட்டுவிட்டேன். அப்படி விட்டால் எழுத்தின் கோடுகள் மட்டுமே பட்டனாகிவிடும். 'ஆமை' என்று எழுதிப் பாருங்கள், உள்ளே எவ்வளவு வெற்றிடம்! அந்தச் சிறுமியின் அம்புக்குறி அந்த வெற்றிடத்தில்தான் விழுந்திருக்கிறது. எனக்கோ கை பழகிப்போய், தானாகக் கோட்டின்மேல் அழுத்தியிருக்கிறேன்.

ஹிட் ஃபிரேமில், சொல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செவ்வகத்தை நிரப்பி வரைந்தால் போதும். இரண்டு நிமிட வேலை! ரொம்பப் பெரிதாக வரைந்தாலும் வம்புதான். பக்கத்து பட்டன் மேல் ஏறிவிடும். ஆமையை அழுத்தினால் வௌவால் பதில் சொல்லும்!

சோதிப்பது எப்படி? நிறம் மாறுகிறதா என்பதை வரையும் திரையிலேயே பார்க்கலாம். முழுச் சோதனைக்கு கன்ட்ரோல், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். படம் தனியாக ஓடும். அப்போது மவுஸைத் தங்கையிடமோ பாட்டியிடமோ கொடுங்கள். "அங்கே அழுத்து" என்று சொல்லவே கூடாது. வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். (இதுதான் ரொம்பக் கஷ்டம்!) பாட்டி பழக்கதோஷத்தில் இரண்டு முறை தட்டுவார், உங்கள் வினாடி வினா ஒரு கேள்வியைத் தாண்டி ஓடிவிடும். உங்களுக்கு ஜென்மத்தில் தோன்றியிருக்காத தப்பு அது.

"பீரியடே 40 நிமிடம்தான், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். அப்படியென்றால் ஐந்து பட்டன் வேண்டாம், இரண்டே செய்யுங்கள். வேலை செய்யாத ஐந்தைவிட அது மேல்.

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திவிட்டது. ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2016-லேயே 'அனிமேட்' என்று பெயர் மாறிவிட்டது; அதிலும் பட்டனுக்கு அதே நான்கு ஃபிரேம்கள்தான். பள்ளியில் நீங்கள் ஸ்கிராட்ச் பழகினால், வெறும் எழுத்தை மட்டும் பட்டனாக வைத்து, நடுவில் உள்ள ஓட்டையில் அழுத்திப் பாருங்கள். என் கதை உங்களுக்கே புரியும்.

செல்போனிலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். விரல் திரையைத் தொடும், இல்லையென்றால் தொடாது. மவுஸ் போல மேலே வட்டமிடாது. அதனால் அங்கே 'ஓவர்' என்பதே இல்லை. மவுஸ் மேலே வந்தால் மட்டும் பெயர் தெரிகிற மாதிரி பட்டன் செய்திருந்தால், போனில் அது வெறும் கட்டம்தான்!