குட்டி அழுதால் மொட்டை மாடிக்கு அனுப்பாதீர்கள்

நாய்க்குட்டி ராத்திரியில் அழுவதைப் பிடிவாதம் என்கிறார்கள். "நாலு நாள் கத்தட்டும், தானே அடங்கும்" என்று மொட்டை மாடியில் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறந்ததிலிருந்து தாயோடும் கூடப்பிறந்த நாலைந்தோடும் ஒட்டிப் படுத்துத் தூங்கிய ஜீவன் அது. ஒரே சாயங்காலத்தில் தாய், வாசனை, கதகதப்பு எல்லாம் போய்விடுகிறது. அது தன் கூட்டத்தைக் கூப்பிடுகிறது. பதில் வராவிட்டால் அடங்கத்தான் செய்யும். ஆனால் தனியாக இருக்கப் பழகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். பைரவரின் வாகனம் என்று கோயிலில் கும்பிடுகிற அதே நாயை, வீட்டில் ஊளையிட்டால் துரத்துகிறோம்! மூன்றாம் நாள் காலையில் அந்தக் குட்டி பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ மலையடிவாரத்திலோ விடப்படுகிறது. தெருநாய் விவகாரம் 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நாடே பேசியது. அந்தத் தெருநாய்களில் சில, தூங்க விடவில்லை என்பதற்காக வீட்டிலிருந்து இறக்கிவிடப்பட்டவை என்பதைப் பேசினவர்கள் குறைவு.

முதலில் வயதைக் கவனியுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் வருடத்து நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளே சொல்கின்றன. குமாஸ்தாவாக இருந்தவன், விதியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முப்பது நாள் குட்டியைத் தூக்கி வந்துவிட்டு அது அழுகிறது என்று கோபப்படுவது நியாயமில்லை. வாங்கும்போதே தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். காசு கேட்கமாட்டார்கள்.

முதல் சில ராத்திரிகள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, பக்கம் உயர்ந்த அட்டைப்பெட்டியில் பழைய லுங்கியைப் போட்டுப் படுக்க வையுங்கள். முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும், மோந்து பார்த்துவிட்டுத் தூங்கும். கட்டிலில் ஏற்ற வேண்டாம். ஏற்றினால் பிறகு ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போய் ராத்தங்க முடியாது. நாலைந்து நாள் கழித்துப் பெட்டியை அறை வாசலுக்கு நகர்த்துங்கள், பிறகு கூடத்துக்கு, பிறகு அது நிரந்தரமாகப் படுக்கப்போகும் இடத்துக்கு. எங்காவது அழுகை கூடினால் ஒரு படி பின்னால் வாருங்கள். பகலிலும் ஒத்திகை வேண்டும். இரண்டு நிமிஷம் அடுத்த அறைக்குப் போய், அது அழ ஆரம்பிக்கும் முன்பே திரும்பி வருவது, பிறகு ஐந்து நிமிஷம், பிறகு பத்து. போனவர் திரும்பி வருவார் என்று குட்டிக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு மாதக் குட்டியால் விடிய விடிய மூத்திரத்தை அடக்க முடியாது. இரண்டு மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிது. ராச்சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்து, படுக்கும் முன் வெளியே விட்டு, நடுவில் ஒருமுறை எழுந்து கொண்டுபோக வேண்டும். அப்போது பெரிய விளக்கு, கொஞ்சல், விளையாட்டு எதுவும் கூடாது. போனதும் திரும்புவதுமாக இருக்கட்டும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காமல் வீட்டு வளாகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள், பார்வோ பொல்லாதது. அழுகையோடு வாந்தியும் ரத்தபேதியும் இருந்தால் அது ஏக்கம் இல்லை, வியாதி. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பசும்பாலை ஊற்றிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். பல குட்டிகளுக்கு அது வயிற்றைக் கலக்கிவிடும்.

வெளிநாட்டுக்காரர்கள் வெந்நீர்ப் புட்டி வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை, வைகாசியில் திருத்தணியில் வெந்நீர்ப் புட்டியா! வெயில் கணக்கில் மாநிலத்தின் முன்வரிசையில் அடிக்கடி வருகிற ஊர் நம்முடையது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். வெறுந்தரை, கிண்ணத்தில் தண்ணீர், காற்று வரும் இடம், இவை போதும். மார்கழியில் ஒரு கோணிச்சாக்கு.

இதை எழுதக் காரணம் உண்டு. பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பிள்ளைகள், அப்பா அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஒரு லாப்ரடார் குட்டியை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் வலியோடு எழுவது யார்? இருட்டில் குட்டி காலுக்குள் புகுந்து தடுக்கினால் இடுப்பெலும்பு என்னாவது? தலைமாட்டில் டார்ச்சு இல்லாமல் எழவே கூடாது. நம் வயதுக்காரர்கள், "முதல் இரண்டு வாரம் நீயும் வந்து தங்கு, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படக் கூடாது. மாட்டேன் என்றால் வளர்ந்து நிதானப்பட்ட நாயாகக் கேளுங்கள்.

சங்கிலி விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் லா ஃபோந்தேனின் ஓநாயும் நாயும் கதையைப் படித்தவன் நான். கொழுத்த நாயின் கழுத்தில் முடி உதிர்ந்த தழும்பைப் பார்த்ததும் ஓநாய் விருந்தே வேண்டாம் என்று ஓடிவிடும். 1960-ஆம் வருடத்துப் பிராணி வதைத் தடைச் சட்டமும், எப்போதும் கட்டிவைத்த நாயை நடக்க விடாமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! நம் திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் அந்த 1960-இல்தான். அன்றைக்கு 50 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது.

ஒரு சமாசாரம் விட்டுப்போயிற்று. தீபாவளிக்கு முந்தின வாரத்தில் குட்டி வாங்காதீர்கள். மலைக்குப் போகும் வழியில் வீடு இருப்பவர்கள் ஆடிக் கிருத்திகை வாரத்திலும், படித் திருவிழா நடக்கிற டிசம்பர் 31-ஐ ஒட்டியும் வேண்டாம். ஊர் முழுக்கக் காவடியும் மேளமும் கூட்டமுமாக இருக்கும்போது பெரிய நாயே தூங்காது. தை பிறந்து பொங்கல் சத்தம் அடங்கிய பிறகு கொண்டுவந்தால், வெயில் ஏறுவதற்குள் கூடத்தில் தனியாகப் படுக்கப் பழகிவிடும்.