பள்ளியில் மணி, சாவி, மைக் மூன்றும் யார் கையில்?

சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியின் பெயர் 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு நடந்தது. மேடையேறியவர், உடல் குறைபாட்டுக்குப் போன ஜென்மத்துப் பாவமே காரணம் என்கிற ரீதியில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். வீடியோ பரவியது. பேச்சு நடந்த அசோக் நகர், சைதாப்பேட்டை பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். கல்வி அமைச்சர் பள்ளிக்கே வந்து, கேள்வி கேட்ட ஆசிரியரைப் பாராட்டினார்.

அரசியல், கைது, விவாதம் என்று அந்தச் செய்தி வேறு திசையில் போய்விட்டது. ஆனால், அது மாணவிகளின் ஆரோக்கியம் சம்பந்தப்பட்ட செய்தியும்கூட. கண்ணாடி போட்ட பெண், காலில் குறைபாடுள்ள பெண், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூட்டம் அது. தன் உடம்பைப் பற்றி வெட்கப்பட ஆரம்பிக்கும் பிள்ளை, அடுத்து வலி வந்தால் யாரிடமும் சொல்லாது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை அழைத்திருந்தால்? மைக் யார் கைக்குப் போகிறது என்பதைக் கவனிக்க வேண்டிய முதல் ஆள், தலைமை ஆசிரியர்.

மைக்கைவிட முக்கியமானது சாவி. கழிப்பறைச் சாவி!

மகளைப் பள்ளிக்கு அனுப்பும் அம்மாக்களுக்கு இது தெரியும். காலையில் நிரப்பிக் கொடுத்த வாட்டர் பாட்டில், சாயங்காலம் அப்படியே கனமாகத் திரும்பி வரும். 'ஏம்மா குடிக்கலை?' என்றால் பதில் வராது. கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, பூட்டியிருக்கிறது, மிஸ் அனுப்ப மாட்டார்... ஏதோ ஒன்று. அதனால் தண்ணீரையே குடிப்பதில்லை. தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும். மலச்சிக்கல், தலைவலி தனி. மாதவிடாய் நாள்களில் பல பெண்கள் லீவு போட்டுவிடுவதற்கும் இந்தக் கதவுதான் காரணம். அரசு 2012 முதல் இலவச நாப்கின் தருகிறது. அதை மாற்ற ஓர் இடம் வேண்டாமா?

தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' 2019-ல் கேரளத்தில் பிரபலமானது. 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. காலை 11, பகல் 1, மாலை 3 மணிக்கு அடிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் குடித்த தண்ணீர் வெளியேற வேண்டுமே! மணியை அடித்துவிட்டுக் கதவைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளியில், புத்திசாலிப் பெண் பாட்டிலைத் திறக்கவே மாட்டாள். தலைமை ஆசிரியர் தினமும் ஒருமுறை மாணவிகளின் கழிப்பறைப் பக்கம் நடந்து போனாலே பாதிப் பிரச்னை தீரும். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தால், பினாயில் தானாக வரும்.

அடுத்தது ரத்தசோகை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்காகத்தான் வாரம் ஒரு நாள் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் பல மாத்திரைகள் ஜன்னல் வழியே பறந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னால் விழுங்க வைத்தால் வேலை முடிந்தது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். இதைச் சொல்லாததாலேயே நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள் வரை வந்துவிட்டது. அந்த விரிவாக்க விழா நடந்ததுகூட மயிலாப்பூர் பள்ளி ஒன்றில்தான். ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஜாஃபர்கான்பேட்டையிலிருந்து அவசரமாகக் கிளம்பும் எட்டாம் வகுப்புப் பெண் டீயோடு வந்தால், பிரேயரில் கண் இருட்டத்தான் செய்யும். மயங்கி விழுந்தவளைத் தண்ணீர் தெளித்து எழுப்பி 'நடிக்காதே' என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன, 'சாப்பிட்டியாம்மா?' என்று கேட்கும் பள்ளிகளும் இருக்கின்றன. எது எந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் ஹெச்.எம் அறையில் தீர்மானமாகிறது.

பாவம், அவர்களையும் சொல்ல வேண்டும். எமிஸ் பதிவு, ஆய்வுக் கூட்டம், விலையில்லா சைக்கிள் கணக்கு, தேர்ச்சி சதவிகிதம் எல்லாம் அவர்கள் தலையில்தான். தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்பார்கள்; கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்கலாம். அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் மார்க் பற்றிப் பேசுவதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: மாணவிகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது? மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது, கண் பார்வைக் குறைவென்று எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்குக் கண்ணாடி கிடைத்ததா? 'மாணவர் மனசு' பெட்டியை எப்போது திறந்தார்கள்? 14417, 1098 எண்கள் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கின்றனவா? வெளியாள் யாராவது பேச வந்தால், என்ன பேசப்போகிறார் என்று முன்பே கேட்டுக்கொள்கிறார்களா?

கூட்டத்துக்குப் போகும் முன், இன்று சாயங்காலம் மகளின் வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள்.