தாயைப் பிரிந்த முயல் குட்டிகள்



திருகோணமலை, சல்லிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெருநாள் காசைச் சேர்த்து அவருடைய மகன் இரண்டு முயல் குட்டிகள் வாங்கி வந்தானாம். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பால்மா கரைத்து ஊட்டியிருக்கிறார்கள். கோவா இலையும் கெரட்டும் பாண் துண்டும் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒன்றுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஸுப்ஹுக்கு எழுந்து பார்த்தபோது அது இறந்து கிடந்ததாம். "மற்றதையாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள், பிள்ளை சாப்பிடாமல் அழுகிறான்" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்கு உடனே தபாலில் பதில் எழுதிவிட்டேன். மாத இதழ் வந்து சேரும் வரை அந்தக் குட்டி காத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு பெருநாளைக்குப் பிறகும், ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் எத்தனையோ வீடுகளில் இதேதான் நடக்கிறது என்பதால் எல்லாச் சகோதரிகளுக்குமாக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான்: அந்தக் குட்டிகள் விற்கப்படும் வயதை அடைந்திருக்கவில்லை. முயல் குட்டி 8 வாரம் வரை, மிகக் குறைந்தால் 6 வாரம் வரை, தாயுடன் இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சீக்கிரம் விலை போகும் என்று மூன்று, நான்கு வாரத்திலேயே பிரித்துக் கொண்டுவந்து விற்கிறார்கள். அந்த வயதில்தான் குட்டியின் குடல் பாலிலிருந்து புல்லுக்கு மாறுகிறது. தாய்ப்பாலும் இல்லை, பழகிய புல்லும் இல்லை, இடமும் புதிது, பயம் வேறு. இத்தனையும் ஒரே நாளில் வந்தால் அதன் வயிறு எப்படித் தாங்கும்?

தாய் முயலின் வழக்கத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். குட்டிகள் கண் மூடி, மயிரில்லாமல் பிறக்கும். தாய் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கிப் படுக்கை செய்து, அதற்குள் குட்டிகளை மூடிவிட்டுப் போய்விடும். நாளுக்கு ஒரு முறை, சில வேளை இரண்டு முறை வந்து மூன்று நான்கு நிமிடம் பால் கொடுக்கும். பெரும்பாலும் ஸுப்ஹு நேரத்தில் அல்லது இருட்டிய பிறகுதான் வரும். பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டது" என்று முடிவு கட்டி, குட்டிகளைத் தூக்கிப் பாலூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு பளபளப்பாக இருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, குட்டி குளிர்ந்து கிடந்தால்தான் நாம் தலையிட வேண்டும்.

அப்படி உண்மையிலேயே தாய் இறந்துபோனால் என்ன செய்வது? பசும்பாலும் நாம் தேநீருக்குக் கரைக்கும் பால்மாவும் கூடவே கூடாது. பசும்பாலில் கொழுப்பு 100க்கு 4 பங்கு அளவுதான்; முயல் பாலில் 10 பங்குக்கு மேல். பாலில் உள்ள சீனிச்சத்தோ பசும்பாலில் 5 பங்கு அளவு, முயல் பாலில் 2 பங்கு அளவு. ஆகவே பசும்பால் குடித்த குட்டி பசியும் ஆறாது, வயிறும் கெட்டுப்போகும். செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மா கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் சீனி போடாத ஆட்டுப்பால். காய்ச்சி, கைச்சூட்டுக்கு ஆறவைத்து, காலையும் மாலையுமாக இரண்டே வேளை போதும். பிறந்த குட்டிக்கு ஒரு வேளைக்கு இரண்டரை மில்லி, ஒரு வாரத்தில் 6 மில்லி, இரண்டு வாரத்தில் 12 மில்லி என்பது பொதுக் கணக்கு. குட்டியின் உருவத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

ஊட்டும் விதம் இதைவிட முக்கியம். நம் பிள்ளைகளை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் புகட்டுகிற பழக்கத்தில் குட்டியையும் அப்படிப் பிடிக்கிறோம். பால் நேரே நெஞ்சுக்குள் போய்விடும், அதோடு முடிந்தது. குட்டி நான்கு காலில் இருக்கிற மாதிரிப் பிடித்து, ஊசி கழற்றிய சிறிய சிரிஞ்சால் உதட்டோரம் ஒவ்வொரு துளியாக விடுங்கள். அது நக்கிக் குடிக்கும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள். குளிர்ந்து கிடக்கிற குட்டியை முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றிய பிறகே பால் கொடுக்க வேண்டும். கண் திறக்காத குட்டி, அதாவது பத்துப் பன்னிரண்டு நாள் வரை, தானாகச் சிறுநீர் கழிக்காது. வெதுவெதுப்பான ஈரப் பஞ்சினால் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெதுவாக வருடிவிடுங்கள். தாய் நக்கிச் செய்கிற வேலை இது.

இனி, கடையில் வாங்கிய குட்டிக்கு வருவோம். கண் திறந்து, மயிர் மூடி, குதித்து ஓடித் தானாகப் புல் கடிக்கிறதென்றால் அது நான்கு வாரத்தை நெருங்கியதாக இருக்கும். அதற்குப் பால் கட்டாயமில்லை. காய்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும்தான் உயிர். அறுகம்புல்லையோ கினிப்புல்லையோ அறுத்து நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். நல்ல வாசம் வரும். பூஞ்சணம் பிடித்ததைப் போடாதீர்கள். அறுத்த பச்சைப் புல்லைச் சாக்கில் அடைத்து வைத்துச் சூடேறிப் போயிருந்தால் அதையும் எறிந்துவிடுங்கள். உலர்ந்த புல் இரவு பகலாகக் கூட்டில் இருக்க வேண்டும். விற்றவரிடம் தாய் என்ன தின்றது என்று கேட்டு, முடிந்தால் அதே தீவனத்தில் ஒரு பிடி வாங்கி வாருங்கள். புதிய கீரை எதையும் குட்டி தேறிய பிறகு, ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றாக, இரண்டு இலை அளவில் தொடங்க வேண்டும். வத்தாளைக் கொடியும் முருங்கை இலையும் அப்போது கொடுக்கலாம். பாண், சோறு, பிஸ்கட், இனிப்பு எதுவும் வேண்டாம். கெரட் முயலின் உணவு என்பது படக்கதைப் புத்தகம் செய்த வேலை. வளர்ந்த முயலுக்கும் அது தின்பண்டம் அளவில்தான்.

வயிற்றோட்டம் கண்டால் கீரையை நிறுத்தி, உலர்ந்த புல்லும் தண்ணீரும் வைத்து, சூடாகப் பொதிந்து, அன்றைக்கே அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் நாளைக்குக் குட்டி இருக்காது. வீட்டு அலுமாரியில் பிள்ளைகளுக்கு வாங்கி மிச்சமிருக்கிற அமொக்சிசிலின் பாணியை மட்டும் தொடாதீர்கள். நமக்கு மருந்தாவது முயலுக்கு விஷம். அதன் குடலில் உணவைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று, சில நாளில் முயலையும் கொன்றுவிடும். நாய், பூனைகளுக்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் அப்படித்தான்.

கிழக்கிலே கச்சான் காற்று வீசும் மாதங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காதுகளால்தான் வெளியேற்றும். தகரக் கூரைக்குக் கீழே கூடு வைத்தால் மதியத்திற்குள் மயங்கிவிடும். கூட்டை மர நிழலில், கிடுகுக் கூரையின் கீழ் வையுங்கள். கடலோரத்தில் மீனுக்குப் போட ஐஸ் உறைய வைக்கிற வீடுகள் பல. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை உறையவைத்து, துணி சுற்றிக் கூட்டின் ஒரு மூலையில் வைத்தால் முயல் தானே போய்ச் சாய்ந்துகொள்ளும். மயிர் முளைக்காத குட்டிகளுக்கு மட்டும் இது ஆகாது, அவற்றுக்குச் சூடுதான் வேண்டும். மீன் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டியில் குட்டியை மூடிவைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காற்றில்லாமல் புழுங்கிவிடும். எறும்புக்குக் கூட்டின் கால்களைத் தண்ணீர் டின்னில் நிறுத்துங்கள். கீரிக்கும் பூனைக்கும் கம்பி வலை.

பிள்ளைகளிடம் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே. உதறிக் குதித்தால் முதுகெலும்பு முறிந்துவிடும். தரையில் உட்கார்ந்து தூக்குவது நல்லது.

முயல் ஹலாலா என்று சிலர் எழுதிக் கேட்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்கள் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அதை அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி புகாரியில் இருக்கிறது. அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற மாமாக்கள், பிள்ளை மடியில் வைத்திருக்கிற முயலைப் பார்த்து "எப்போது கறியாக்கப் போகிறீர்கள்?" என்று சிரிப்பதை யாராவது நிறுத்தினால் நன்றாயிருக்கும்.

குட்டி இறந்த வீட்டில் "ஒரு முயலுக்கா இந்த அழுகை" என்று பிள்ளையை அதட்டாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி, சின்னஞ்சிறு அபூ உமைர், வளர்த்த சிட்டு இறந்துவிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடமே பேச்சுக் கொடுத்துக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். குட்டியைப் பிள்ளையோடு சேர்ந்து புதையுங்கள். உடனே இன்னொன்று வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவன் கேட்கட்டும். கேட்டால், தாயைக் காட்டி, எட்டு வாரமான குட்டியைத் தருகிறவரிடம் அவனையும் அழைத்துப் போய் வாங்குங்கள்.

இன்னொன்று. சல்லியிலிருந்து நிலாவெளி வரை பற்றைக்காட்டில் விறகுக்கும் ஆட்டுக் குழைக்கும் போகும் பிள்ளைகள் சில வேளை முயல் குட்டியோடு வருவார்கள். அது காட்டு முயல். வீட்டு முயலின் இனமே வேறு. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, புல்லுக்குள் தனியே அசையாமல் கிடக்கும். தாய் பொழுது சாய்ந்த பிறகு வந்து பால் கொடுக்கும். மனிதக் கைவாசம் பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. பயணமொன்றில் தோழர்கள் இரண்டு பறவைக் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தியை அபூதாவூதில் காணலாம். ஆகவே எடுத்த அதே இடத்தில், மஃரிபுக்கு முன்பே குட்டியைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். நின்று பார்க்காமல் திரும்பிவிடட்டும். தாய் வண்டியில் அடிபட்டுக் கிடப்பதைக் கண்ணால் கண்டிருந்தால் மட்டும், குட்டியை ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டுங்கள்.