கைத்தறியில் வேலையிழப்பு: எந்திரத்தின் பங்கு, தடையற்ற வணிகத்தின் பங்கு
ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

கைத்தறித் தொழிலில் ஆள் குறைந்ததற்கு முதற்காரணம் எந்திரம். அதற்கு அடுத்ததே தடையற்ற வணிகம். வெளிநாட்டு இறக்குமதியே தறிகளை நிறுத்தியது என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், இரு நூற்றாண்டு வரலாறு அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. எந்திரமும் வணிகமும் எவ்வளவு வேகமாக வேலையைப் பறித்தன என்பதை அரசின் சட்டமும் மானியமும் பெருமளவு தீர்மானித்தன. இந்த அறிக்கையை வெளியிடும், கைத்தறி நெசவாளர்களுக்காகப் பேசும் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

இழப்பின் அளவில் ஐயத்துக்கு இடமில்லை. 1987-88இல் நடந்த முதல் தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளரும் துணைத் தொழிலாளரும் சேர்ந்து 67 லட்சம் பேர் இருந்தனர். 1995-96இல் அது 65 லட்சம், 2009-10இல் 43 லட்சம், 2019-20இல் 35 லட்சம். தமிழ்நாட்டில் கடைசி இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையில் மட்டும் சுமார் மூன்றரை லட்சம் என்பது இரண்டரை லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

எந்திரமும் வணிகமும் ஒன்றாகவே இந்தியாவுக்குள் வந்தன. விவாதம் குழம்புவதற்கு அதுவே காரணம். 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் முடிவுக்கு வந்தது. அதற்குள் இங்கிலாந்தில் ஆர்க்ரைட், கிராம்ப்டன் போன்றோரின் நூற்பு எந்திரங்கள் பெருகிவிட்டன. நூறு பவுண்டு பஞ்சை நூற்க இந்தியக் கைராட்டையில் 50,000 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. 1790களின் எந்திரத்தில் சில நூறு மணி நேரமே போதுமானதாக இருந்தது. எவ்வளவு குறைந்த கூலியாலும் ஈடுகட்ட முடியாத இடைவெளி இது. முதலில் வேலை இழந்தவர்கள் நெசவாளர்கள் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. உண்மையில் முதல் அடி ராட்டையில் நூற்ற பெண்கள்மேல் விழுந்தது. வயல் வேலை இல்லாத நாட்களில் நூற்றுக் காசு பார்த்தவர்கள், துணையில்லாமல் நூற்றே பிழைத்த கைம்பெண்கள் எனப் பல லட்சம் பேரின் வருமானம் சில பத்தாண்டுகளில் அற்றுப்போனது. அவர்களுக்குச் சங்கமும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. வேலையிழப்பு வரலாற்றில் அவர்களுக்கு இன்றுவரை உரிய இடம் கிடைக்கவில்லை.

நெசவாளரின் கதை வேறாக நடந்தது. எந்திரத்தில் நூற்று இறக்குமதியான அதே நூல் அவர்களுடைய செலவைக் குறைத்தது. சாயமிட்ட நூலில் நெய்த கரைச் சேலை, முந்தானையில் தனி வேலைப்பாடு, ஊருக்கு ஊர் மாறும் கட்டம் என்று சிறு சிறு அளவில் விற்கும் சரக்கை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளால் லாபகரமாக நெய்ய முடியவில்லை. 1882இல் பருத்தித் துணிக்கான இறக்குமதி வரி முழுவதும் நீக்கப்பட்டு, 1894 வரை துணிச் சந்தை ஏறக்குறைய முற்றிலும் திறந்தே கிடந்தது. 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு வரி விதித்தபோதுகூட, இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு கலால் வரி போடப்பட்டது. அப்படிப்பட்ட காலத்திலும் சென்னை மாகாணத்தின் தறி எண்ணிக்கை பெரும் சரிவு காணவில்லை என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் தீர்த்தங்கர் ராய் போன்றோரின் ஆய்வுகள் காட்டுகின்றன. முரட்டுத் துணி நெய்தவர்கள் அடிபட்டார்கள்; சேலை நெய்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் போன்ற அதிகாரிகள் பரப்ப முயன்ற விசைநாடாவும் (கயிற்றை இழுத்து நாடாவை விசையுடன் ஓட்டும் அமைப்பு) ஓர் எந்திர முன்னேற்றம்தான். அது நெசவாளரைத் தறியில் இருத்தியபடியே அவருடைய உற்பத்தியைக் கூட்டியது. எந்திரம் என்றாலே வேலை போகும் என்று இந்த அமைப்பு சொல்லவில்லை. ஆளுக்குத் துணையாக வரும் கருவியும் ஆளை விலக்க வரும் கருவியும் வெவ்வேறு.

விடுதலைக்குப் பிந்தைய அரை நூற்றாண்டு இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட ஒரு சோதனைக்கூடமாக அமைந்தது. இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடுகளும் உரிமமுறையும் இருந்ததால் வெளிநாட்டுத் துணி இந்தியச் சந்தைக்குள் பெரிய அளவில் நுழையவே இல்லை. அந்தக் கட்டுப்பாடுகளில் கடைசியாக எஞ்சியவை 2001 ஏப்ரலில்தான் நீங்கின. இறக்குமதிதான் முதற்காரணம் என்றால் இந்தக் காலத்தில் கைத்தறி செழித்திருக்க வேண்டும். ஆனால் கைத்தறியின் சந்தையை விசைத்தறி இந்தக் காலத்திலேயே பிடித்துக்கொண்டது. 1954இல் அரசு அமைத்த கனுங்கோ குழு, கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றலாம் என்றே பரிந்துரைத்தது. இருபது ஆண்டு கழித்து, 1974இல், ஒரு விசைத்தறி ஆறு கைத்தறிகளின் வேலையைப் பறிக்கிறது என்று சிவராமன் குழு எச்சரித்தது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம், சங்கரன்கோவில் என விசைத்தறி ஊர்கள் வளர்ந்தன. சூரத்தின் செயற்கை இழைச் சேலைகள் கிராமத்து ஜவுளிக்கடை வரை வந்தன. பவானி ஜமுக்காளத்துக்குப் போட்டியாக நிற்பவை சோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள். புவிசார் குறியீடு பெற்ற பெயரிலேயே அவை விற்கப்படுகின்றன என்பது பவானி நெசவாளர்களின் நெடுநாள் முறையீடு. இவை எதுவும் கப்பலில் வந்த சரக்கு அல்ல.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கணக்கெடுப்பின்படி மிகப்பெரிய சரிவு 1995-96க்கும் 2009-10க்கும் இடையில், சந்தை திறந்துவிடப்பட்ட ஆண்டுகளில்தான் நிகழ்ந்தது. அப்படியானால் வணிகமே குற்றவாளி ஆகாதா? இந்த மறுப்பை அமைப்பு ஒதுக்கிவிடவில்லை. அதே ஆண்டுகளை ஒட்டி நடந்த மூன்று மாற்றங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது.

முதலாவது, சட்டப் பாதுகாப்பு சுருங்கியது. கரை வைத்த சேலை, வேட்டி, துண்டு, லுங்கி போன்றவற்றைக் கைத்தறிக்கே ஒதுக்க 1985இல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. விசைத்தறி உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பு வந்த மூன்றே ஆண்டில், 1996இல், ஒதுக்கப்பட்ட 22 ரகங்கள் 11 ஆகக் குறைக்கப்பட்டன. இரண்டாவது, 1999இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் புதிய தறி வாங்கும் கடனுக்கு வட்டி மானியம் கொடுத்தது. எந்திரத்தை நிறுவியவருக்கு அரசுப் பணம் கிடைத்தது. அந்த எந்திரத்தால் தறி நின்றுபோனவருக்கு அத்திட்டத்தில் ஒரு ரூபாய்கூட ஒதுக்கப்படவில்லை. இந்த அநீதி அமைப்பை மிகவும் வேதனைப்படுத்துகிறது.

மூன்றாவது மாற்றம் வணிகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆனால் அது இறக்குமதி வழியாக வரவில்லை, ஏற்றுமதி வழியாக வந்தது. 1990களில் பருத்தி நூல் ஏற்றுமதி பெருகியபோது உள்நாட்டில் நூல் விலை ஏறியது. நூல் வாங்கப் பணமில்லாமல் தறி நிற்பது நெசவாளர் வீடுகளில் பட்டினியாக முடிந்தது. 1991இல் ஆந்திரத்தின் சீராலா பகுதியில் நேர்ந்த நெசவாளர் சாவுகள் இன்னும் மறக்கப்படவில்லை. நூல் விலையைச் சமாளிக்கவே ஆலைகள் தங்கள் உற்பத்தியில் ஒரு பங்கைச் சிட்டா நூலாக, அதாவது கைத்தறிக்கெனக் கழியாகச் சுற்றிய நூலாக, தர வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. அந்தப் பங்கும் 50 விழுக்காட்டிலிருந்து 2003இல் 40 ஆகவும் 2019இல் 30 ஆகவும் குறைந்தது. கைத்தறிக்கென்று வரும் சிட்டா நூல் விசைத்தறிக்குத் திருப்பிவிடப்படுவதும் தொழிலில் உள்ள அனைவரும் அறிந்ததே.

பட்டில் கணக்கு இன்னும் சிக்கலானது. 2011இல் கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை மத்திய அரசு 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைத்தது. மலிவான சீனப் பட்டு வந்ததால் பட்டுப்புழு வளர்க்கும் உழவர்கள் பாதிக்கப்பட்டனர். காஞ்சிபுரம், ஆரணி நெசவாளர்களுக்கோ கச்சாப்பொருள் விலை தணிந்தது. பின்னர் வரி மீண்டும் உயர்ந்தது. ஒரே வரி ஒரு தொழிலாளியைக் காத்து இன்னொருவரை வாட்டுகிறது என்பதால், எல்லா இறக்குமதிக்கும் வரி போடுங்கள் என்ற முழக்கத்தை இந்த அமைப்பு ஏற்கவில்லை.

வணிகமே முதற்காரணமாக நிற்கும் தொழில்களும் உண்டு. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி அதற்குச் சான்று. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்ததும் அங்கே ஆர்டர்கள் நின்றன. எந்த எந்திரமும் மாறாமலே வேலை போனது. சந்தை திறப்பதால் போகும் வேலையைப் போலவே சந்தை மூடுவதால் போகும் வேலையும் வணிகத்தின் விளைவே. விசைத்தறியிலோ இரண்டு அடிகளும் ஒன்றாக விழுகின்றன: ஒரு பக்கம் நாடா இல்லாத ஏர்ஜெட் தறிகள், மறுபக்கம் வெளிநாட்டுத் துணி. நேற்று கைத்தறி நெசவாளரின் வேலையை எடுத்துக்கொண்ட விசைத்தறித் தொழிலாளி இன்று அதே இடத்தில் நிற்கிறார். அவரை எதிரியாகப் பார்ப்பது இந்த அமைப்பின் வழக்கமன்று.

தறியை விட்டவர் அனைவரும் விரட்டப்பட்டவர்கள் அல்லர் என்பதும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை. 2019-20 கணக்கெடுப்பின்படி நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதைக் குறையென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நல்ல வேலை கிடைத்து விலகுவது வேறு, கூலி கட்டுபடியாகாமல் ஐம்பது வயதில் காவலாளி வேலைக்குப் போவது வேறு. கணக்கெடுப்புகள் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. அடுத்த கணக்கெடுப்பு அதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

நோயின் காரணம் எந்திரம் என்றால் மருந்து சுங்க வரியில் கிடைக்காது. 1985ஆம் ஆண்டுச் சட்டம், ஒதுக்கீட்டை மீறும் தறி ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. நாற்பது ஆண்டுக்கு முன் நிர்ணயித்த அந்த அபராதம் இன்று எந்த முதலாளியையும் தடுக்காது. அதை இன்றைய விலைக்கு ஏற்றவாறு உயர்த்தி, சோதனையைத் தறிக்கூடத்தோடு நிறுத்தாமல் கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணி விற்கும் கடைவரை கொண்டுசெல்ல வேண்டும். சிட்டா நூல் கட்டாயம் 40 விழுக்காட்டுக்குத் திரும்ப வேண்டும்; அந்த நூல் யாருக்குப் போகிறது என்பதைக் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தறி எந்திரத்துக்கு அரசு மானியம் தரும் ஒவ்வொரு திட்டத்திலும், அதே வட்டாரத்தில் வேலை இழக்கும் நெசவாளருக்கு மாற்றுத்தொழில் பயிற்சிக் கால உதவித்தொகையும், 50 வயது கடந்தவருக்கு ஓய்வூதியமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

வணிக ஒப்பந்தங்களில் அமைப்பு கேட்பது இரண்டு. பட்டு, பருத்தி நூல் ஆகியவற்றின் வரியை மாற்றுமுன் உழவர், நெசவாளர் இரு தரப்பையும் ஒரே அவையில் அமர்த்திக் கேட்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம் போன்ற புவிசார் குறியீடுகளுக்கு, ஒப்பந்தம் செய்யும் நாடுகள் தங்கள் சந்தையிலும் சட்டப் பாதுகாப்பு தர வேண்டும் என்பதை இந்தியா பேச்சுவார்த்தை மேசையில் நிபந்தனையாக வைக்க வேண்டும்.