பேரேடு நேற்றைச் சொல்லும், நாளையைச் சொல்லாது

கொஞ்சம் நீளமான பதிவு. சிதம்பரத்திலும் கடலூரிலும் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் அவசியம் படிக்கவும்.

"சார், பிளாக்செயின்ல எல்லாமே வெளிப்படை. பெரிய ஆளுங்க பிட்காயினை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பினா விலை இறங்கும், வெளியே எடுத்தா ஏறும். அதைப் பாத்து வாங்கி வித்தா போதும்" என்கிறார்கள் சிலர். அவர்களில் ஒருவர் வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் போட்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

வெளிப்படை என்பது உண்மைதான். 2009 ஜனவரியிலிருந்து பிட்காயின் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது போனது என்பதை யாரும் பார்க்கலாம். ஆனால் அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்பது அதில் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்குள் நடக்கும் வாங்கல் விற்றலும் அதில் ஏறாது. அது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கில்தான் இருக்கும். விலை பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் எத்தனை படகு கரைக்கு வந்தது என்று எண்ணிவிடலாம். அதை மட்டும் வைத்து வஞ்சிரம் ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்று சொல்ல முடியுமா? புரட்டாசி மாதமாக இருந்தால் படகு குறைவாக வந்தும் விலை ஏறாது. வரத்து தெரிந்தால் போதாது, வாங்குகிறவர் மனசும் தெரிய வேண்டும்.

2024இல் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனியின் சாக்சனி மாநில அரசு, ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றிய சுமார் 50,000 பிட்காயின்களை ஜூன், ஜூலையில் விற்றது. அவை எக்ஸ்சேஞ்சுகளுக்குப் போவதை உலகமே பார்த்தது. ஜூலை 5 அன்று விலை 54,000 டாலருக்கும் கீழே இறங்கியது. ஆனால் அதே நாளில்தான், 2014இல் திவாலான ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச், கடன்காரர்களுக்குத் திருப்பித் தரத் தொடங்கியதாக அறிவித்தது. இறக்கத்துக்கு எது காரணம், எது எவ்வளவு? பேரேட்டில் பதில் இல்லை. அன்று பயந்து விற்றவர்கள், டிசம்பரில் விலை 1 லட்சம் டாலரைத் தாண்டியதையும் பார்த்தார்கள். விற்ற அந்த அரசும்தான்!

பேரேட்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 18 அன்று நம் நாட்டின் வசீர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் திருடு போனபோது, அந்தக் காசு எந்த முகவரிக்குப் போனது என்று தெரிந்தது அதனால்தான். நடந்ததைத் தணிக்கை செய்ய அருமையான கருவி. ஜோசியத்துக்கு உதவாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு காயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் வேறு. டெலிகிராமில் வரும் ஒவ்வொரு 'சிக்னலுக்கும்' வாங்கி விற்றால், கணிப்பு பாதிக்குப் பாதி பலித்தாலும் கையில் என்ன மிஞ்சும்? போட்டுப் பாருங்கள்.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். மூன்று மாதம் காசு போடாமல், அந்தக் குழு சொல்லும் ஒவ்வொரு கணிப்பையும் தேதி, விலையோடு நோட்டில் எழுதுங்கள். பலித்ததற்கு நேராக டிக், பலிக்காததற்கு நேராக இன்ட்டு. பலித்ததை மட்டும் அவர்கள் நினைவூட்டுவார்கள். உங்கள் நோட்டில் இரண்டும் இருக்கும்.

அதுவரை நகையை மீட்கிற வழியைப் பாருங்கள்.