கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக் கொடுத்தது யார்?

"உங்க பையனைச் சமாளிக்க முடியலைம்மா. எது சொன்னாலும் மாட்டேன்கிறான், எதிர்த்து எதிர்த்துப் பேசறான்." மூன்றாம் வகுப்பு படித்த என் மகனைப் பற்றிப் போன வருஷம் டீச்சர் இப்படிச் சொன்னபோது, நான் தலை நிமிரவே இல்லை. வீட்டிலும் அதே கதைதான். குளிக்கச் சொன்னால் சண்டை, படிக்கச் சொன்னால் சண்டை. வேண்டுமென்றே தங்கையைச் சீண்டி அழ வைப்பான். கேட்டால் "அவதான் காரணம்" என்பான். ஒருநாள் ஆத்திரத்தில் தோசைத் திருப்பியால் அடித்துவிட்டேன். கை வீங்கிவிட்டது. மறுநாளே அதே தோசைத் திருப்பியை எடுத்து, தங்கையை அடிக்க ஓங்கினான். எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டிக் கொண்டேன். மந்திரித்த கயிறும் கட்டினோம். என் மாமியாரோ, "ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான். இவங்கப்பன் பண்ணாததா?" என்றார்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பையனை விட்டுவிட்டு எங்களைக் கேட்டார்: "வீட்ல முடியாதுன்னு சொல்றது யாரு, சரின்னு சொல்றது யாரு?" ஒரு வாரம் நடப்பதை நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுதினேன்.

செவ்வாய்: செல்போன் கேட்டான். நான்கு தடவை முடியாது என்றேன். ஐந்தாவது தடவை தட்டை விசிறி அடித்தான். கொடுத்துவிட்டேன். வியாழன்: நான் மறுத்தேன், அத்தை தன் போனைக் கொடுத்தார். வெள்ளி: அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து அலுப்போடு வந்த கணவர், பெல்ட்டை எடுத்தார். சனி: மனசு கேட்காமல் அவரே பொம்மை கார் வாங்கி வந்தார்.

படித்துப் பார்த்தால் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. கத்தினால் கிடைக்கும் என்று நாங்கள் மூன்று பேருமாகச் சேர்ந்து டியூஷன் எடுத்திருக்கிறோம்!

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியல் அறிஞர், வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, குடும்பத்தில் நடப்பதைக் கவனித்து எழுத வைத்து, 1982-ல் இதைத்தான் புத்தகமாகப் போட்டாராம். பிள்ளை கத்துகிறான், தாய் விட்டுக் கொடுக்கிறாள், கத்தல் நிற்கிறது. இருவருக்குமே அந்த நேரத்துக்கு நிம்மதி. அடுத்த முறை இன்னும் பலமாகக் கத்துகிறான். அடியும் அப்படித்தான், அன்றைக்கு அடங்குவான், மறுநாள் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும்.

எல்லா அடமும் நோயல்ல, தோழிகளே. ஆறு மாதத்துக்கு மேலாக எரிச்சல், எதிர்ப்பு, பழி வாங்கும் குணம் என்று தொடர்ந்து, வீட்டையும் படிப்பையும் கெடுத்தால்தான் அதை 'எதிர்ப்பு நடத்தைக் கோளாறு' என்கிறார்கள். எல்லாப் பழியும் வளர்ப்பின் மேல், அதாவது வழக்கம்போல் நம் தலையில்தான் என்றும் இல்லை. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே முன்கோபம். சிலருக்குக் கவனக் குறைவு. சிலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராத அவமானம். அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

என் மகனுக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. பயிற்சி எங்களுக்குத்தான்! பெரியவர்கள் மூவருக்கும் ஒரே பேச்சு, சொன்னதை ஒரு தடவைதான் சொல்வது, நல்லது செய்தால் அப்போதே பாராட்டுவது, அடி அறவே கூடாது. கேட்க எளிது. முதல் இரண்டு வாரம் அவன் முன்னைவிட இரு மடங்கு கத்தினான். அதில்தான் பலர் விட்டுவிடுகிறோமாம். கணவரை வழிக்குக் கொண்டு வர ஒரு மாதம் ஆனது. அத்தைக்கு மூன்று மாதம்!

இப்போதும் சண்டை உண்டு. ஆனால் தங்கை மேல் கை வைப்பது நின்றிருக்கிறது. முந்தாநாள் செல்போன் கேட்டான். முடியாது என்றேன். அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினான். முருங்கைக்கீரை ஆய்ந்து கொண்டிருந்த அத்தை, நிமிராமலேயே சொன்னார்: "உங்கம்மா என்ன சொன்னா? அதான் நானும்."

- ஒரு வாசகி, நூம்பல்.